லீ மார்கனோட 'தி சைட்வைண்டர்': ஹார்ட் பாப் ஜாஸ் புதுசா கேக்கறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜாஸ் கேக்கணும்னு ஆசைப்பட்டு விவரம் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது கேட்டீங்கன்னா உடனே இருபது முப்பது ஆல்பம் பேரை அடுக்கிடுவாங்க, ஆனா அதுல ஒன்னையாவது எப்படி உக்காந்து கேக்கறதுன்னு சொல்ல மாட்டாங்க. எனக்கும் அதுதான் நடந்துச்சு. ஆரம்பத்துல ட்யூன் நல்லாத்தான் இருக்கும், ஒரு நிமிஷம் கழிச்சு ட்ரம்பெட்காரர் எங்கயோ போயிடுவார், அவர் எங்க போறார் எப்ப திரும்பி வருவார்னு ஒன்னும் புரியாது, பத்து நிமிஷம் ஓடி முடிஞ்சதும் மனசுல ஒன்னும் நிக்காது. ரொம்ப நாள் இப்படியே போச்சு, கடைசியில ஒரே ஒரு விஷயம் பிடிபட்டப்பதான் கதவு திறந்துச்சு. அந்த விஷயம் கீழ 6வது படியில இருக்கு, ஆனா நேரா அங்க தாவாதீங்க, முன்னாடி இருக்கற படிகள்ல கோட்டை விட்டா அது வேலை செய்யாது.

மியூசிக் தியரி ஒன்னும் தெரிய வேண்டாம். நாலு வரைக்கும் எண்ணத் தெரிஞ்சா போதும்.

1. ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்துக்கோங்க

பத்து ஆல்பத்தை ஒவ்வொரு தடவை கேக்கறதைவிட ஒரு ஆல்பத்தைப் பத்து தடவை கேக்கறதுதான் இந்த இசைக்கு சரிப்பட்டு வரும். நான் சொல்றது ட்ரம்பெட்காரர் லீ மார்கனோட 'தி சைட்வைண்டர்'. ப்ளூ நோட் கம்பெனி வெளியிட்டது, நியூ ஜெர்சியில எங்கிள்வுட் க்ளிஃப்ஸ்ங்கற ஊர்ல ரூடி வான் கெல்டர்ங்கற ரெக்கார்டிங் இன்ஜினியரோட ஸ்டூடியோவுல 1963 டிசம்பர் 21ஆம் தேதி, அஞ்சு பாட்டையும் ஒரே நாள்ல ரெக்கார்ட் பண்ணது. ஆல்பம் வந்தது 1964ல.

ஹார்ட் பாப்னா என்னன்னு நீட்டி முழக்க வேண்டாம், அதுக்கு முன்னாடி இருந்த பீபாப்ங்கற ஜாஸ் பாணியோட வேகத்தோட ப்ளூஸையும் சர்ச் பாட்டு வாடையையும் சேர்த்து, கால் தாளம் போடற மாதிரி ஆக்குனதுன்னு தெரிஞ்சா இப்போதைக்கு போதும்.

ஏன் இந்த ஆல்பம்னா, முதல் பாட்டுலேயே ஆட்டம் இருக்கு, ஒரு தடவை கேட்டாலே ட்யூன் வாயில வந்துடும். அஞ்சு பாட்டுமே மார்கன் எழுதுனது, அதனால ஒரே ஆளோட மனசு ஆல்பம் முழுக்க ஓடுது. அப்புறம் அஞ்சே பேர்தான் வாசிக்கிறாங்க, யார் எதை வாசிக்கிறாங்கன்னு பிரிச்சுக் கேக்க முடியும். பெரிய பேண்ட் ஆல்பத்துல ஆரம்பிச்சா இந்த வசதி கிடைக்காது.

2. சரியான வெர்ஷன்தானான்னு பாருங்க

இதுல நிறைய பேர் சிக்கறாங்க. பேர் அடிச்சுத் தேடினா பத்து விதமா வரும். ப்ளே அமுக்கறதுக்கு முன்னாடி இதையெல்லாம் ஒப்பிட்டுப் பாருங்க.

பாட்டு அஞ்சு, வரிசை இப்படி இருக்கணும்: 'தி சைட்வைண்டர்' 10 நிமிஷம் 25 செகண்ட், 'டோட்டம் போல்' 10 நிமிஷம் சொச்சம், 'கேரீஸ் நோட்புக்' 6 நிமிஷம், 'பாய், வாட் எ நைட்' ஏழரை நிமிஷம், 'ஹோகஸ் போகஸ்' 6 நிமிஷம் சொச்சம். மொத்தம் 40 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. செகண்ட் கணக்குல வெர்ஷனுக்கு வெர்ஷன் லேசா மாறும், அது பரவாயில்ல.

முதல் பாட்டு மூணு நிமிஷம்தான் காட்டுதுன்னா அதை விட்டுடுங்க. அந்தக் காலத்துல ஜூக்பாக்ஸுக்கும் ரேடியோவுக்கும் இந்தப் பாட்டை ரெண்டா வெட்டி 45 ஆர்பிஎம் சிங்கிளா, அதாவது பக்கத்துக்கு ஒரு துண்டா சின்னத் தட்டுல, போட்டாங்க, பழைய பாட்டுத் தொகுப்புகள்ல சில சமயம் அந்தத் துண்டு கிடைக்கும். அதுல சோலோ, அதாவது ஒருத்தர் முன்னாடி வந்து தன் இஷ்டத்துக்கு புதுசா வாசிக்கற பகுதி, பாதியிலேயே போயிடும், நாம பண்ணப்போற வேலைக்கு அது ஆகவே ஆகாது.

ஆறாவதா இன்னொரு 'டோட்டம் போல்' இருந்தா பயப்படாதீங்க, அது அன்னைக்கு வாசிச்சு ஒதுக்கி வெச்ச இன்னொரு டேக், சிடி காலத்துல கடைசியில ஒட்ட வெச்சது. முதல் ஒரு மாசம் அதைக் கேக்காதீங்க. ஒரே பாட்டு ரெண்டு தடவை வந்தா எது எதுன்னு குழம்பும், ஆல்பமும் இழுக்கற மாதிரி தோணிடும். ஆல்பம் பழகுனதுக்கு அப்புறம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கேட்டீங்கன்னா அதே மனுஷன் அதே நாள்ல அதே பாட்டுக்கு வேற சோலோ வாசிச்சிருக்கார்னு காதாலயே தெரியும், அது பெரிய சந்தோஷம்.

அடுத்தது ஆள் பேர். ட்ரம்பெட் லீ மார்கன், டெனர் சாக்ஸ் (சாக்ஸஃபோன்) ஜோ ஹெண்டர்சன், பியானோ பாரி ஹாரிஸ், பாஸ் (அடிக்குரல்ல ஒலிக்கற பெரிய தந்தி வாத்தியம்) பாப் க்ரான்ஷா, ட்ரம்ஸ் பில்லி ஹிக்கின்ஸ். இந்த அஞ்சு பேரையும் ஒரு பேப்பர்ல எழுதி கண்ணு முன்னாடி வெச்சுக்கோங்க. ஸ்ட்ரீமிங் ஆப்ல பெரும்பாலும் மார்கன் பேர் மட்டும்தான் தெரியும், மத்த நாலு பேர் எங்கயோ ஒளிஞ்சிருப்பாங்க, அதனால எல்பியோட, அதாவது பெரிய இசைத்தட்டோட, பின் அட்டைப் படத்தைத் தேடி எடுத்து போன்ல சேமிச்சு வெச்சுக்கறது நல்லது. ப்ளூ நோட் பின் அட்டையில ஆள் பேர், கருவி, பாட்டைப் பத்தின குறிப்பு எல்லாமே இருக்கும்.

3. செலவு எவ்வளவு ஆகும்

சும்மா கேக்க ஒரு பைசா ஆகாது. யூட்யூப்ல கம்பெனியே ஏத்தி வெச்சிருக்கற ஆல்பம் கிடைக்குது. குறை என்னன்னா நடுவுல விளம்பரம் வரும், பத்து நிமிஷப் பாட்டை ஒன்றிப்போய் கேட்டுட்டு இருக்கறப்ப அடுத்ததா சோப்பு விளம்பரம் பாய்ஞ்சா மனசு கலைஞ்சிடும். மாசம் 100-200 ரூபாய்க்குள்ள ஸ்ட்ரீமிங் சந்தா கிடைக்குது, ஒரே ஒரு மாசம் மட்டும் கட்டிப் பாருங்க, இந்த வழிகாட்டிக்கு அது தாராளம். வருஷ சந்தாவை இப்பவே எடுக்காதீங்க.

சிடி வேணும்னா வான் கெல்டரே பிற்காலத்துல தன் கையால திரும்ப மாஸ்டர் பண்ண, அதாவது ஒலியைச் சீர் பண்ணிக் குடுத்த, சீரிஸ்ல இந்த ஆல்பம் இருக்கு, வெளிநாட்டுல பழசு 10 டாலரை ஒட்டிக் கிடைக்கும். எல்பி கதை தனி, அதைக் கடைசியில சொல்றேன், இப்போதைக்கு வாங்கவே வாங்காதீங்க.

ஹெட்போனுக்குக் காசு கொட்ட வேண்டாம். கையில இருக்கற ஒயர் இயர்போன் போதும். ஒன்னே ஒன்னு மட்டும் கண்டிப்பா வேண்டாம்னு சொல்வேன், போனோட சொந்த ஸ்பீக்கர். அதுல பாஸ் கேக்கவே கேக்காது. இந்த ஆல்பத்துல பாஸ்தான் உங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகப்போற ஆள், அவர் குரலே கேக்கலன்னா 6வது படியில தொலைஞ்சு போயிடுவீங்க.

4. போன் செட்டிங்கை சரி பண்ணுங்க

அஞ்சு நிமிஷ வேலை, ஆனா இதை யாரும் சொல்றதில்ல.

ஷஃபிளை நிறுத்துங்க. இலவசக் கணக்குல சில ஆப் வரிசையைக் கலைச்சுப் போட்டுடும், அப்படின்னா யூட்யூப் பக்கம் போயிடுங்க. கிராஸ்ஃபேடை நிறுத்துங்க, இல்லன்னா ஒரு பாட்டு முடியறப்பவே அடுத்தது உள்ள நுழைஞ்சிடும். ஆல்பம் முடிஞ்சதும் தானா அடுத்ததைப் போடற ஆட்டோப்ளேயை நிறுத்துங்க, அது வேற யாரோட பாட்டையோ ஓட்டும், நீங்க அதுவும் இந்த ஆல்பம்னு நெனச்சுட்டு இருப்பீங்க. ஈக்வலைசர்ல பேஸ் பூஸ்ட் இருந்தா எடுத்துடுங்க.

ஒரு காதுல மட்டும் இயர்போன் மாட்டிக் கேக்கற பழக்கம் இருந்தா இங்க வேண்டாம். அந்தக் கால ஸ்டீரியோவுல கருவிகளை இடது வலதுன்னு நல்லா பிரிச்சு வெச்சிருப்பாங்க, ஒரு காதை விட்டீங்கன்னா ஒரு ஆளையே விட்ட மாதிரி.

வால்யூம் விஷயத்துல கவனம். முதல் பாட்டு பாஸும் பியானோவும் அடக்கமா ஆரம்பிக்கும், சத்தம் பத்தலன்னு நீங்க ஏத்துவீங்க, அப்புறம் ட்ரம்பெட்டும் சாக்ஸும் சேர்ந்து உள்ள வர்றப்ப காது கிழியும். அதனால ட்யூன் வர்ற இடத்துல வால்யூமை சரி பண்ணிட்டு திரும்ப முதல்ல இருந்து போடுங்க. பாஸ் சோலோ வர்றப்ப சத்தம் கம்மியாத்தான் இருக்கும், அப்ப ஏத்தாதீங்க, காதை அந்தப் பக்கம் குடுங்க.

இன்னொன்னு, பியானோ லேசா மூடி வெச்ச மாதிரி டப்பா சவுண்டா கேட்டா உங்க இயர்போன்ல கோளாறுன்னு நெனச்சுடாதீங்க. வான் கெல்டர் ரெக்கார்டிங்ல பியானோ அப்படித்தான் வரும், அவர் மேல உயிரா இருக்கறவங்களே இதைச் சொல்வாங்க. அதே ஆள்தான் ட்ரம்பெட்டையும் சிம்பலையும் பக்கத்துல நின்னு வாசிக்கற மாதிரி பிடிச்சு வெச்சிருக்கார்.

5. எப்ப, எவ்வளவு நேரம்

நாப்பது நிமிஷத்தை ஒரே மூச்சுல கேக்க வேண்டாம். இந்த ஆல்பம் எல்பிக்காக பண்ணது, ஒரு பக்கம் இருபது நிமிஷம், எழுந்து போய் தட்டைத் திருப்பிப் போட்டுத்தான் அடுத்த பக்கம். முதல் பக்கத்துல முதல் ரெண்டு பாட்டு, ரெண்டாவது பக்கத்துல மீதி மூணு. அதே மாதிரி நீங்களும் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் கேளுங்க.

முதல் வாரம் முழுக்க முதல் பக்கம் மட்டும். அதுலயும் முதல் ரெண்டு நாள் முதல் பாட்டு மட்டுமே போதும். ராத்திரி படுத்துட்டுக் கேட்டா தூங்கிடுவீங்க, வண்டி ஓட்டறப்ப கேட்டா பாதி காதுலயே விழாது, சாப்பிட்டு முடிச்சு வேலை எதுவும் இல்லாத இருபது நிமிஷம் இருக்கும் பாருங்க, அதை ஒதுக்குங்க. சமையல் பண்ணிக்கிட்டே, பாத்திரம் கழுவிக்கிட்டே கேக்கறதுல தப்பே இல்ல, ஆனா அது பத்து தடவை கேட்டுப் பழகுனதுக்கு அப்புறம் பண்ற வேலை.

6. சுத்தை எண்ணுங்க

நான் சொன்ன அந்த விஷயம் இதுதான். சோலோ வாசிக்கிறவர் கண்டபடி வாசிக்கல. ஆரம்பத்துல வந்த ட்யூனுக்கு ஒரு நீளம் இருக்கு, அடியில ஓடற கார்ட்ஸுக்கு (சில சுரங்களை ஒரே நேரத்துல சேர்த்து வாசிக்கறது) ஒரு வரிசை இருக்கு, ட்யூன் முடிஞ்சதும் அந்த நீளமும் அந்த வரிசையும் அப்படியே திரும்பத் திரும்பச் சுத்திட்டே இருக்கும், அது மேலதான் ஒவ்வொருத்தரும் புதுசா கட்டுறாங்க. கச்சேரியில கல்பனாஸ்வரம் பாடறப்ப ஆவர்த்தனம் மாறாம ஓடிட்டே இருக்கும்ல, அதே ஏற்பாடு. ஜாஸ்காரங்க ஒரு சுத்தை கோரஸ்னு சொல்வாங்க. சுத்து எங்க ஆரம்பிக்குதுன்னு பிடிச்சுட்டீங்கன்னா அதுக்கப்புறம் தொலையவே மாட்டீங்க.

'தி சைட்வைண்டர்' பாட்டுல ஒரு சுத்துக்கு 24 பார், பார்னா தாளத்தோட ஒரு கட்டம், ஒவ்வொரு பார்லயும் நாலு அடி. சாதாரண ப்ளூஸ் 12 பார், இவர் அதை ரெட்டிப்பா நீட்டி வெச்சிருக்கார். எண்ணறது எப்படின்னா, கால் தட்டிக்கிட்டே ஒன்னு ரெண்டு மூணு நாலு, ரெண்டு ரெண்டு மூணு நாலு, மூணு ரெண்டு மூணு நாலுன்னு முதல் எண்ணை மட்டும் மாத்திட்டே போங்க, இருபத்திநாலுக்கு வந்துட்டா ஒரு சுத்து முடிஞ்சது. அரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும்.

எண்ணறப்ப உள்ள என்ன நடக்குதுன்னு ஒரு வரைபடம் மனசுல வெச்சுக்கோங்க. முதல் எட்டு பார் சொந்த வீட்டுலயே இருக்கும், அதாவது அடியில ஒரே கார்ட். அடுத்த நாலு பார் வேற இடத்துக்கு நகரும், தரை லேசா நகர்ந்த மாதிரி உடம்புக்கே தெரியும். அடுத்த நாலு பார் திரும்ப வீடு. கடைசி எட்டு பார்லதான் இழுபறி எல்லாம், சுத்திக்கிட்டு வந்து அடுத்த சுத்தோட வாசல்ல இறக்கி விடும். எட்டு, நாலு, நாலு, எட்டு. இதை எழுதி வெச்சுக்கோங்க.

வழக்கமா தடுமாறுற இடம் எதுன்னா, எண்ண ஆரம்பிக்கற இடம். பாட்டோட முதல் செகண்ட்ல இருந்து எண்ணாதீங்க. பாஸும் பியானோவும் ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற சின்னத் துண்டு) வாசிச்சு வாசலைத் திறந்து வெக்கற முன்னுரை அது, சுத்து கணக்குல வராது. ட்ரம்பெட்டும் சாக்ஸும் சேர்ந்து ட்யூனை எடுக்கற இடம்தான் ஒன்னு. ட்யூனைத் திரும்ப ஒருதரம் வாசிப்பாங்க, உங்க எண்ணிக்கை சரியான்னு அங்க செக் பண்ணிக்கலாம். தப்பிப் போச்சுன்னா நிறுத்தி திரும்ப முதல்ல இருந்து போடுங்க, நடுவுல பிடிக்கப் பாக்காதீங்க, புதுசுல அது முடியாது.

எண்ண முடியாட்டி இன்னொரு வழி இருக்கு, எனக்கு இதுதான் ரொம்ப உதவுச்சு. சோலோ ஓடறப்ப ஆரம்ப ட்யூனை மனசுக்குள்ள கூடவே பாடிட்டே இருங்க. ட்ரம்பெட் என்ன வேணா பண்ணட்டும், நீங்க உங்க பாட்டை நிறுத்தாதீங்க. உங்க ட்யூன் முடியற இடமும் அவர் ஒரு மூச்சு விட்டு புதுசா ஆரம்பிக்கற இடமும் பக்கத்துல பக்கத்துல வந்து விழும், அது விழுற முதல் தடவை உங்களுக்கே ஒரு சிலிர்ப்பு வரும்.

7. ஆளாளா பிரிச்சுக் கேளுங்க

முதல் பாட்டுல சோலோ வரிசை சுலபம்: ட்ரம்பெட், டெனர் சாக்ஸ், பியானோ, பாஸ், அப்புறம் திரும்ப ட்யூன். ஒரு பேப்பர்ல இந்த அஞ்சையும் எழுதி, ஒவ்வொன்னும் எந்த நிமிஷத்துல ஆரம்பிக்குதுன்னு நீங்களே குறிச்சு வைங்க. வேற யாரோ குறிச்சதைப் பார்த்து எழுதாதீங்க, காதால கண்டுபிடிச்சு எழுதற அந்தப் பேப்பர்தான் இந்த வேலையில உங்க கையில இருக்க வேண்டிய ஒரே ஆவணம்.

இப்ப ஒவ்வொரு தடவை போடறப்பவும் ஒரே ஒரு ஆளை மட்டும் தொடருங்க.

மார்கனைத் தொடர்ற அன்னைக்கு அவர் சோலோவோட முதல் சுத்தை மட்டும் ரொம்ப நிதானமா கேளுங்க. அவர் எடுத்த எடுப்புலயே ஓட ஆரம்பிக்க மாட்டார். சின்னச் சின்ன வாக்கியமா வாசிப்பார், ஒன்னு சொல்லிட்டு இடம் விடுவார், அந்த இடைவெளியில பியானோவும் ட்ரம்ஸும் ஓடறது கேக்கும், அப்புறம் அதையே லேசா திருப்பிச் சொல்வார். பேசறவர் ஒருத்தர் எதிர்ல இருக்கறவங்க மூஞ்சியைப் பார்த்துப் பார்த்துப் பேசற தினுசு அது. சுரத்தை நேரா அடிக்காம வளைச்சுக் கொண்டுவந்து நிறுத்தற இடங்களைக் கவனிங்க, ட்ரம்பெட்டோட பட்டனைப் பாதி மட்டும் அமுக்கி ஊதறது, சுரம் பிழியற மாதிரி, முனகற மாதிரி வரும். மார்கனோட கையெழுத்து இது. இன்னொன்னு ஒரே சுரத்தை டக் டக்னு அடுக்கி அடிக்கறது. இந்த ரெண்டையும் அடையாளம் கண்டுட்டீங்கன்னா வேற எந்த ஆல்பத்துல அவர் வாசிச்சாலும் பேர் பார்க்காமலே சொல்லிடுவீங்க.

ஹெண்டர்சனுக்கு அன்னைக்கு வயசு 26, மார்கனுக்கு 25. சாக்ஸ் குரல் கரகரன்னு இருக்கும், மார்கன் மாதிரி உடனே சிரிச்சுப் பழக மாட்டார், சுத்திச் சுத்தி வருவார். முதல்ல பிடிக்காமப் போனா விட்டுடுங்க, ரெண்டாவது வாரத்துல தானா பிடிக்கும்.

பில்லி ஹிக்கின்ஸுக்காக மட்டும் ஒரு தடவை முழுப் பாட்டையும் கேளுங்க. வலது கை சிம்பல்ல ஓடறதைப் பிடிச்சுக்கோங்க, பத்து நிமிஷமும் அது இறங்கவே இறங்காது, ஆனா எந்த இடத்துலயும் சோலோ வாசிக்கிறவர் மேல ஏறி உக்காராது. பாட்டு ஏன் இவ்வளவு ஆட்டமா இருக்குன்னு கேட்டா பாதி பதில் அந்தக் கைதான். மீதி பதில் பாரி ஹாரிஸ் விடாம பிடிச்சு வெச்சிருக்கற அந்தப் பியானோ ரிஃப்.

அப்புறம் பாஸ். க்ரான்ஷாவோட சோலோ வர்றப்ப நிறைய பேர் அடுத்த பாட்டுக்குத் தாவிடுவாங்க, சத்தம் குறைஞ்சதும் முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சு. தாவாதீங்க. அங்கயும் அதே 24 பார்தான் ஓடுது, எண்ணிக்கிட்டே கேட்டீங்கன்னா ட்யூன் திரும்ப வர்ற இடத்துக்கு நீங்களும் அவங்களும் ஒன்னா போய்ச் சேருவீங்க.

8. மத்த நாலு பாட்டு

முதல் பாட்டு பிரபலம்ங்கறதால பாதி ஜனம் அதோட நிறுத்திக்கறாங்க. அந்தப் பாட்டு அமெரிக்காவோட பிரபலப் பாட்டு வரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலுக்குள்ளயே போச்சு, 81வது இடம் வரைக்கும், பத்து நிமிஷ ஜாஸ் பாட்டுக்கு அது பெரிய சங்கதி. ஆனா என்னைக் கேட்டா ஆல்பத்தோட நிஜமான சொத்து 'டோட்டம் போல்'. மைனர் சாயல்ல கொஞ்சம் ரகசியம் பேசற மாதிரி ட்யூன், லத்தீன் தாளத்துல நடந்துட்டு நடுவுல ஒரு இடத்துல சட்டுனு ஸ்விங்குக்கு, அதாவது ஜாஸோட வழக்கமான துள்ளல் நடைக்கு, மாறி திரும்பப் பழைய நடைக்கு வந்துடும். இதுல சுத்து 32 பார், எட்டு எட்டா நாலு துண்டு, மூணாவது துண்டு மட்டும் வேற. எண்ணவே வேண்டாம், ட்ரம்ஸ் மாறுற இடத்தைப் பிடிச்சீங்கன்னா மூணாவது துண்டுல இருக்கீங்கன்னு அர்த்தம். சோலோவுலயும் அது அப்படியே மாறும், அதனால வழி தவறவே தவறாது. சொல்லப்போனா சுத்து எண்ணறது கஷ்டமா இருக்கறவங்க இந்தப் பாட்டுல பழகிட்டு முதல் பாட்டுக்கு வரலாம்.

'கேரீஸ் நோட்புக்' மூணு மூணா எண்ண வேண்டிய பாட்டு, வேகமா ஓடும். நாலு நாலா எண்ணி ஒத்துவரலயேன்னு முட்டிக்காதீங்க. 'பாய், வாட் எ நைட்' ப்ளூஸ்தான், அடி ஒவ்வொன்னும் மூணு மூணா உருண்டு வரும், அலை மேல படகு போற மாதிரி உடம்பு ஆடும், அதை எண்ணாம சும்மா ஆடவிடுங்க.

'ஹோகஸ் போகஸ்' கடைசி, நேரான ஸ்விங். பழைய பாட்டு ஒன்னோட கார்ட்ஸ் வரிசையை எடுத்துக்கிட்டு மேல புது ட்யூன் போட்டது. பீபாப் காலத்துல இருந்தே இவங்க பண்ற வேலை. இங்கயும் எட்டு எட்டா நாலு துண்டு, மூணாவது வேற. இதுக்குள்ள நீங்க எண்ணாமலே சுத்து எங்க முடியுதுன்னு உணர ஆரம்பிச்சிருப்பீங்க. இல்லன்னா இன்னும் ஒரு வாரம் முதல் பக்கத்துக்குப் போங்க, அவசரமே இல்ல.

9. எல்பி வாங்கணும்னு தோணினா

தோணும். அந்த அட்டைப் படத்தைப் பார்த்தாலே தோணும். ஆனா காசு அதிகமா கரையற இடம் இதுதான், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

புது எல்பின்னா ப்ளூ நோட்டே போடற க்ளாசிக் வைனில் சீரிஸ்ல இந்த ஆல்பம் இருக்கு, கெவின் க்ரேங்கற இன்ஜினியர் ஒரிஜினல் டேப்ல இருந்து மாஸ்டர் பண்ணது, 180 கிராம் தட்டு. அமெரிக்காவுல 25-30 டாலர். உங்க ஊருக்கு வர்றப்ப ஷிப்பிங்கும் கஸ்டம்ஸும் சேர்ந்து விலை எங்கயோ போயிடும், அதனால ஒரே ஒரு தட்டை வெளிநாட்டுல இருந்து தனியா வரவழைக்காதீங்க. உள்ளூர் கடையில ஸ்டாக் இருக்கான்னு முதல்ல கேளுங்க, இல்லன்னா நாலஞ்சு பேர் சேர்ந்து ஆர்டர் போடுங்க, ஷிப்பிங் பங்கு பிரிஞ்சிடும். வந்து சேர மூணு நாலு வாரம் ஆகலாம்னு மனசைத் தயார் பண்ணிக்கோங்க.

பழைய ஒரிஜினல் வாங்கறதா இருந்தா மூணு இடத்தைப் பார்க்கணும். அட்டையில நம்பர் மோனோவுக்கு 4157, ஸ்டீரியோவுக்கு 84157. நடுவுல இருக்கற லேபிள்ல கம்பெனி பேருக்குப் பக்கத்துல நியூயார்க் யூஎஸ்ஏன்னு இருக்கணும், லிபர்ட்டி ரெக்கார்ட்ஸோட பிரிவுன்னு இருந்தா அது 1966க்கு அப்புறம் போட்டது. மூணாவது, பாட்டு முடிஞ்சு லேபிளுக்கு முன்னாடி இருக்கற வெறும் இடத்துல வான் கெல்டர்னு முத்திரையும், காது மாதிரி ஒரு சின்னக் குறியும் இருக்கணும். அந்தக் குறி தட்டு அச்சடிச்ச ப்ளாஸ்டிலைட் தொழிற்சாலையோடது. விக்கறவர்கிட்ட அட்டை போட்டோ மட்டும் வாங்கிட்டு காசு அனுப்பாதீங்க, லேபிள் ரெண்டு பக்கமும், அந்த வெறும் இடமும் வெளிச்சத்துல எடுத்த போட்டோ கேளுங்க, தர மாட்டேன்னா விட்டுடுங்க. நல்ல நிலைமையில இருக்கற ஒரிஜினல் நூத்துக்கணக்கான டாலர், அதனால முதல் எல்பியா அதை வாங்கறது வேண்டாம். டிஸ்காக்ஸ்ங்கற வெப்சைட்ல ஒவ்வொரு பதிப்பும் நம்பரோட இருக்கு, முன்னாடி எவ்வளவுக்குப் போயிருக்குன்னும் அங்கயே பார்க்கலாம்.

விலை ரொம்பக் கம்மியா இருக்கற ஐரோப்பியப் பதிப்புகள்ல ஜாக்கிரதை. அங்க 1962 வரைக்கும் வெளிவந்த ரெக்கார்டிங்குக்கு உரிமைக் காலம் முடிஞ்சுபோச்சு, அதனால யார் வேணா போடலாம், டேப்ல இருந்து போட்டாங்களா வெறும் சிடியில இருந்து எடுத்தாங்களான்னு அட்டையில சொல்ல மாட்டாங்க. 'தி சைட்வைண்டர்' 1964ல வந்ததால இதுல தப்பிச்சது, ஆனா அடுத்து அம்பதுகளோட ஆல்பங்களைத் தேடறப்ப கண்டிப்பா இதுல மாட்டுவீங்க.

டர்ன்டேபிள் இன்னும் வாங்கலன்னா சூட்கேஸ் மாதிரி மூடி வெச்சு விக்கறதை வாங்காதீங்க, அதோட ஊசி கனமா அழுத்தித் தட்டைத் தேய்ச்சுடும். ஓரளவு நல்லது 15,000 ரூபாயைத் தாண்டும், அதுக்கு மேல ஸ்பீக்கர் வேற. அந்தக் காசு இல்லன்னா ஸ்ட்ரீமிங்லயே இருங்க, மார்கன் அதுலயும் மார்கன்தான்.

10. அடுத்தது எது

மார்கனை விட்டு உடனே வெளிய போகாதீங்க. ட்ரம்ஸ்காரர் ஆர்ட் ப்ளேக்கியோட ஜாஸ் மெசஞ்சர்ஸ் குழு 1958ல ரெக்கார்ட் பண்ண 'மோனின்' ஆல்பத்தோட முதல் பாட்டைப் போடுங்க, இருபது வயசு மார்கன் சோலோவைத் திறக்கற விதத்தைக் கேளுங்க. அதுக்கப்புறம் 'சர்ச் ஃபார் தி நியூ லேண்ட்', 1964 பிப்ரவரியில, அதாவது சைட்வைண்டர் முடிஞ்சு ரெண்டு மாசம்கூட ஆகறதுக்குள்ள ரெக்கார்ட் பண்ணது, ஆனா மூடு முழுசா வேற. அதுல பியானோவுல ஹெர்பி ஹான்காக், சாக்ஸ்ல வெய்ன் ஷார்ட்டர், கிட்டார்ல க்ராண்ட் க்ரீன் எல்லாம் இருக்காங்க, ட்ரம்ஸ்ல அதே பில்லி ஹிக்கின்ஸ், அந்தக் கையை இப்ப உங்களுக்குத் தெரியும்.

வேற ட்ரம்பெட் குரல் வேணும்னா கென்னி டோர்ஹாமோட 'உனா மாஸ்'. அதுலயும் ஜோ ஹெண்டர்சன் இருக்கார், சொல்லப்போனா அவரோட முதல் ஆல்பப் பதிவே அதுதான். தலைப்புப் பாட்டு கால் மணி நேரம் ஓடும், ஒரு பக்கம் முழுக்க அது ஒன்னுதான். டோர்ஹாம் மார்கன் மாதிரி சீண்ட மாட்டார், குரல் மெத்துன்னு இருக்கும். ஹெண்டர்சன் பழகுன முகம், அவரைப் பிடிச்சுக்கிட்டே உள்ள போயிடலாம். இதுக்கும் ஒரு வாரம் குடுங்க, ஒரு புதுப் பேப்பர் எடுத்து ஆள் பேரை எழுதிட்டு ஆரம்பிங்க.